அம்மாவின் பாலன் குடில், பிள்ளைகளின் வெள்ளை மரம்: உங்கள் வீட்டு நத்தார்ச் சோடனை எப்படி மாறியது?

தாண்டவன்வெளி அக்கா

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆக்களிடம் ஒரு ஆலோசனை. வேறு ஊர்க்காரரும் சொல்லலாம், ஆனால் வீடு பெண்பிள்ளைக்குப் போகிற எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

எங்கள் வீடு அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து மூத்தவளான எனக்கு வந்தது. வீட்டோடு சேர்ந்து பாலன் குடில் சுரூபங்கள் இருக்கிற றங்குப் பெட்டியும் வந்தது. மாதா, சூசையப்பர், பாலன், ஒரு சம்மனசு, இடையர், மூன்று இராசாக்கள், மாடு, கழுதை, ஆடுகள். எல்லாம் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் வார்த்தவை. ஒரு இராசாவுக்கு மூக்கு நுனி இல்லை, ஒரு ஆட்டுக்கு ஒற்றைக் காது. அம்மா இப்போது தங்கச்சியோடு பக்கத்து வளவில் இருக்கிறார், ஆனால் குடில் கட்டுவது இன்றுவரை எங்கள் வீட்டு விறாந்தையில்தான்.

கட்டுகிற முறை பழைய முறை. முக்காலி, பலகைப் பெட்டி எல்லாம் அடுக்கி, மேலே சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கிப் போர்த்தினால் மலை. கடதாசிக்கு முதலே கரித்தூளும் உடுப்புக்குப் போடும் நீலமும் கோதுமை மாப் பசையில் கலந்து பூசிக் காயவைக்க வேண்டும். மார்கழி மழையில் அது காய்வதே பெரிய பாடு, அடுப்படியில் கொடி கட்டித் தொங்கப் போட்டால்தான் காயும், வீடு முழுக்க ஒரு புளித்த மா வாசம் வரும், எனக்கு நத்தார் என்றால் கேக் வாசத்துக்கு முதல் அந்த வாசம்தான். முகக்கண்ணாடித் துண்டு குளமாகும், அதன் ஓரத்துக்கு வாவிக்கரை மணல். சிரட்டையிலும் மீன் ரின்னிலும் முளைக்க வைத்த நெல்தான் வயல். கல்லடிக் கடற்கரைச் சவுக்குக் கிளை ஒன்று மரமாக நிற்கும். பாலனை மட்டும் 24 ஆம் திகதி நடுச்சாமப் பூசை முடிந்து வந்த பிறகுதான் வைப்போம், அதுவும் வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளையின் கையால்.

இப்போது என்ன சிக்கல் என்றால், அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, நிலத்தில் குந்தி இருந்து செய்ய முடியாது. எங்கள் பக்கம் வருகிற சீமெந்து எல்லாம் பிளாஸ்டிக் நெசவுப் பை, கடதாசிப் பைக்குக் கடை கடையாக அலைய வேண்டும். இவர் சொல்கிறார், அந்தக் கடதாசி மலையால்தான் கறையான் வருகிறதாம். மகளுக்குப் பதினைந்து, மகனுக்குப் பதினொன்று. இரண்டு பேரும் யூடியூப்பில் பார்த்துவிட்டு வெள்ளையும் பொன்னிறமும் மட்டும் போட்ட ஒரு ரெடிமேட் மரம் வேண்டும், குடிலும் கடையில் ஒரே துண்டாக வருகிறதே அதை வாங்குவோம் என்கிறார்கள். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற தம்பிமார் 24 ஆம் திகதி இரவு வீடியோவில் வந்தால் முதல் கேட்பது “அக்கா, குடிலைக் காட்டு”.

அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மனம் கேட்கவில்லை. உங்கள் வீடுகளில் எதை வைத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள்? விட்ட பிறகு எப்படி இருந்தது?

---

சொறிக்கல்முனைப் பொடியன்

அக்கா, குடிலை விடாதீர்கள். மரம் எந்த நிறத்திலும் வரட்டும், அது பெரிய விசயம் இல்லை. ஒரே துண்டாக வார்த்த பிளாஸ்டிக் குடிலை வாங்கி வைத்தால் பத்து நிமிசத்தில் வேலை முடிந்துவிடும், பிறகு அந்த ஒன்பது நாள் நவநாளுக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் செய்ய என்ன இருக்கிறது?

எங்கள் ஊர் திருச்சிலுவைக் கோயிலைச் சுற்றி வெள்ளாமை செய்கிற ஆக்கள். மாரிப் போகம் விதைத்து மிஞ்சிய விதைநெல் எல்லார் வீட்டிலும் கிடக்கும், அதில் ஒரு பிடி குடிலுக்கு. பிள்ளைகளுக்குள் யாருடைய ரின்னில் நெல் உயரம் என்று போட்டி நடக்கும். கடற்கரை எங்களுக்குத் தூரம், சவுக்கு கிடைக்காது, வளவில் நிற்கிற ஏதாவது ஒரு கிளையை வெட்டி இலை உருவி இலவம் பஞ்சு சுற்றுவோம். பனியைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் ஊரில் இல்லை, ஆனாலும் பஞ்சு இல்லாமல் அம்மா கிளையை உள்ளே எடுக்க விடமாட்டார்.

சீமெந்துக் கடதாசிக்கு மாற்று இருக்கிறது. பழைய சாக்கு அல்லது கிழிந்த பருத்திச் சேலையை வெள்ளைச் சீமெந்துக் கரைசலில் தோய்த்து, கவிழ்த்த வாளி, பெட்டி மேல் போர்த்திக் காயவிடுங்கள். மலை அப்படியே இறுகி நிற்கும், காய்ந்ததும் பூசலாம், கறையான் கிட்டவராது. துண்டு துண்டாகச் செய்தால் அடுத்த வருடத்துக்குத் தூக்கி வைக்கலாம். கையுறை போட்டுச் செய்யுங்கள், சீமெந்துத் தண்ணீர் தோலைத் தின்னும். கடதாசிதான் வேண்டும் என்றால் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுங்கள், புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அது நஞ்சு, சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற வீட்டில் நான் போடமாட்டேன். இன்னொன்று, கடதாசி மலையை மடித்து எடுத்து வைப்பதால்தான் கறையான். திருநாள் முடிந்ததும் எரித்துவிட்டு வருடாவருடம் புதிதாகச் செய்யுங்கள், உங்கள் அவருக்கும் நிம்மதி.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு வழி: குடிலை நிலத்தில் கட்டாமல் மேசையில் கட்டுங்கள். அம்மா கதிரையில் இருந்து “அதை அங்கே வை, இதை இங்கே வை” என்று சொல்லட்டும்.

---

கல்முனை டீச்சர்

நாங்கள் மெதடிஸ்த குடும்பம். சுரூபம் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, அதனால் குடில் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் மாற்றம் பற்றிச் சொல்லலாம்.

எங்கள் வீட்டுச் சோடனை என்றால் மூன்று. சவுக்கு மரம், கலர்க் கடதாசியில் வளையம் வளையமாக ஒட்டிய மாலை, சிவப்புத் துணியில் பஞ்சால் எழுத்து ஒட்டிய வசனம். “உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமை”. அந்தத் துணியை அப்பா மடிக்கமாட்டார், எழுத்து கழன்றுவிடும் என்று பாய் சுருட்டுவதைப் போலச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைப்பார். இதற்கெல்லாம் மேலாக வாழ்த்து அட்டைகள். மார்கழி பிறந்தால் தபால்காரர் தினமும் வருவார், வந்த அட்டைகளை நூலில் கோத்து மண்டபத்துச் சுவரில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கட்டுவோம். வெளிநாட்டு அட்டைக்கு நடு இடம். ஒரு வருடம் நூல் இரண்டாவது சுவருக்கும் போனது. பிறகு போன் வந்தது, பேஸ்புக் வந்தது, வட்ஸ்அப் வந்தது, நூலில் தொங்குவது வருடத்துக்கு வருடம் குறைந்து, கடைசியில் கட்ட ஒன்றுமே இல்லாமல் போனது. அந்தச் சுவர் வெறுமையாக நின்ற முதல் நத்தார் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அதை யாரும் தீர்மானித்து விடவில்லை, தானாகப் போய்விட்டது. ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி வந்திருப்பதே நல்லது என்றுதான் சொல்வேன், கேட்டுத் தீர்மானிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

சொறிக்கல்முனைத் தம்பி சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. மரம் பெரிய விசயம் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். அது பிள்ளைகளின் பங்கு. எனக்கு விருப்பமில்லாத நீல நிறத்தில் மகள் ஒருமுறை மரம் முழுக்கச் சோடித்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை, அந்த வருடம்தான் அவள் தானாக வந்து “அம்மா, தாத்தாவின் வசனத் துணி எங்கே?” என்று கேட்டு எடுத்து ஒட்டுக் கழன்ற எழுத்துகளை உட்கார்ந்து தைத்தாள். ஒட்டவில்லை, தைத்தாள். இனி அது அவள் காலம் முழுக்கக் கழறாது.

சோடிக்காத வருடங்களும் இருந்தன. 2019 இல் உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து பிள்ளைகள் உட்பட அத்தனை பேர் போன வருடத்து நத்தாருக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு நட்சத்திரம் மட்டும்தான்.

---

டச் பார் மகள்

அக்கா, நான் பறங்கிக் குடும்பம். எங்கள் பெரியவர்கள் வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுவார்கள். அப்பப்பா தகர வேலைக்காரர், வீட்டு நட்சத்திரத்தை அவர்தான் தகரக் கீலத்தில் சட்டம் அடித்துச் செய்தார். ஐந்து முனைக்கும் ரிசு பேப்பர் ஒட்டி உள்ளே ஒரு பல்ப். நத்தாரிலிருந்து புது வருடம் வரை வயலினோடு வீடு வீடாகப் போய் கஃப்ரிஞ்ஞா ஆடுகிற எங்கள் ஆக்கள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புவார்கள் என்று அப்பா சொல்வார்.

2004 மார்கழி 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும் கூட. கல்லடி, டச் பார், நாவலடி எல்லாம் சோடனையோடு இருந்தது. அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை, இங்கே வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் போனவர்களோடு நட்சத்திரமும் போனது.

அடுத்த சில நத்தார்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. செய்ய மனம் வரவில்லை, செய்தால் பிழை என்றும் பட்டது. பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கு நத்தார் வேண்டுமே. கணவரும் அவர் அண்ணனும் புதுத் தகரத்தில் ஒரு நட்சத்திரம் அடித்தார்கள். இப்போது எங்கள் வழக்கம் இப்படி: மார்கழி தொடங்கினால் நட்சத்திரம் எரியும். 25 ஆம் திகதி இரவு படுக்கப் போகும்போது மாமி கையால் அணைப்பார். 26 ஆம் திகதி முழுக்க வெளிச்சம் இல்லை, காலை 9.25 க்கு நாடு முழுக்க இரண்டு நிமிசம் மௌனம் இருக்கிற நேரம் நாங்களும் நின்று, குடிலுக்கு முன்னால் பெயர் சொல்லி மெழுகுதிரி கொளுத்துவோம். 27 ஆம் திகதி பொழுதுபட்டதும் திரும்ப எரியவிட்டு மூன்று இராசாக்கள் திருநாள் வரை விடுவோம்.

இது என் அம்மாவின் காலத்தில் இல்லாத வழக்கம், ஆனால் என் பிள்ளைகளுக்கு இதுதான் நத்தார். ஒரு வருடம் மின்சாரம் வேறு காரணத்தால் 26 இல் போய் 27 இல் வரவில்லை, சின்னவன் அழுதே விட்டான். வழக்கம் புதிதாகவும் பிறக்கும் அக்கா. அம்மா சும்மா இருக்கிறார் என்றால் அவரிடம் நேரே கேளுங்கள், எது இல்லாவிட்டால் உங்களுக்கு நத்தார் இல்லை என்று. அவர் சொல்வது நீங்கள் நினைக்காத ஒன்றாக இருக்கலாம்.

---

ரொறொன்ரோ தம்பி

நான் உங்கள் தம்பி இல்லை, ஆனால் அந்த வீடியோவில் “குடிலைக் காட்டு” என்று கேட்கிற ஆள்தான் நானும். இங்கே வெளியில் உண்மையான பனி, கடையில் உண்மையான மரம், எல்லாம் இருக்கிறது. எனக்கு அங்கே பார்க்க வேண்டியது அம்மா. குடிலைச் சாட்டிக் கேட்கிறோம். மலை கடதாசியா சாக்கா என்று நாங்கள் கவனிக்கமாட்டோம், ஆனால் பாலனை வைக்கிற நேரம் போனைப் பிடிக்க மறக்காதீர்கள்.

---

வயரிங் மாமா

பிள்ளைகள் புது மரம் வாங்கினால் லைட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய குட்டி பல்ப் மாலைகளை இனிப் பாவிக்காதீர்கள். அவை 230 வோல்ட்டை இருபது பல்ப் பிரித்து எடுக்கிற தொடர் இணைப்பு, ஒவ்வொன்றும் 12 வோல்ட் அளவில் எரியும். ஒன்று போனால் எல்லாம் அணையும், ஆளுக்கு ஆள் அதைக் குறுக்கே வயர் போட்டுக் கட்டுவார்கள், மிச்சப் பல்ப்களுக்குக் கூடுதல் வோல்ட் போய் சூடாகும். பஞ்சும் கடதாசியும் இருக்கிற இடத்தில் அது ஆபத்து. எல்ஈடி மாலை சூடாகாது, பில்லும் ஏறாது.

எங்கள் ஊரில் நத்தார் என்றால் மழை. வெளி நட்சத்திரத்துக்குப் பொலித்தீன் சுற்றினால் மட்டும் போதாது, சுற்றின பொலித்தீனின் அடியில் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் கோத்து நிற்கும். வயர் ஹோல்டருக்குள் போவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், அப்போது மழைத் தண்ணீர் வயர் வழியே ஓடி பல்ப்புக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். பிளக் இணைப்பு எதுவும் நிலத்தில் கிடக்கக் கூடாது. ட்ரிப் சுவிட்சை டெஸ்ட் பட்டன் அமத்திப் பாருங்கள், விழாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள், பிறகு சோடியுங்கள்.

சுரூபங்களைப் பற்றியும் ஒன்று, கேட்கவில்லைதான். பிளாஸ்டர் சுரூபத்தைப் பொலித்தீனில் சுற்றி வைக்காதீர்கள், ஈரம் அடைபட்டு வர்ணம் பொரிந்துவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள்.

---

காரைதீவு அயல்

நாங்கள் சைவம். சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாமியின் குடிலுக்குத் தென்னங்குருத்துத் தோரணம் கட்டுவது எங்கள் அப்பாவின் வேலை. கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற அதே கை. அந்த மாமி குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது, ஆனாலும் மார்கழியில் குருத்து வெட்டும்போது அப்பாவுக்கு அவர்கள் ஞாபகம் வரும். உங்கள் அயலில் யாராவது இப்படி வருவார்களானால் அவர்களையும் கூப்பிடுங்கள், அவர்களும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

---

சொறிக்கல்முனைப் பொடியன்

டீச்சர் சொன்னது சரி, மரத்தைப் பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். குடிலைப் பற்றி மாற்றமாட்டேன். ஆனால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், சுரூபத்தின் மூக்குக்கும் காதுக்கும் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 1223 இல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் அமைத்த அந்தக் குடிலில் சுரூபமே இருக்கவில்லை. வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, உயிரோடு ஒரு மாடு, ஒரு கழுதை, சுற்றிவர ஊர்ச் சனம். அவ்வளவுதான். எங்களிடம் மாடும் வைக்கோலும் எப்போதும் உண்டு.

---

தாண்டவன்வெளி அக்கா

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. டச் பார் தங்கச்சி, உங்கள் பதிலைத் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டினேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நீங்கள் சொன்னபடி அம்மாவிடம் நேரே கேட்டேன். சுரூபம் என்பார், சவுக்கு என்பார் என்று நினைத்தேன். அம்மா சொன்னது நெல். “மற்றதெல்லாம் உங்கள் விருப்பம், நெல் முளைக்காத குடில் எனக்கு வேண்டாம்.” யுத்த காலத்தில் ஊரடங்கு போட்டு நடுச்சாமப் பூசையைப் பின்னேரத்துக்கு மாற்றிய வருடங்களில், மலை கட்ட ஒன்றும் கிடைக்காமல், அம்மம்மா ஒரு தட்டத்தில் நெல்லை மட்டும் முளைக்க வைத்து நடுவில் பாலனை வைத்தாராம். எனக்கு இது இத்தனை காலமும் தெரியாது.

ஆகவே இப்படி முடிவு. மலை மேசையில், சாக்கும் வெள்ளைச் சீமெந்தும், அது இவரின் பொறுப்பு, ஒத்துக்கொண்டார். மரம் வெள்ளையும் பொன்னிறமும், காத்தான்குடிக் கடைகளில் பார்க்கப் போகிறோம், மகள் பட்டியல் போட்டுவிட்டாள். பழைய பல்ப் மாலையை வீசியாயிற்று. சுரூபங்கள் பழையவைதான், மூக்கு இல்லாத இராசாவை மகன் தன் பொறுப்பில் எடுத்திருக்கிறான், ஒட்ட வேண்டாம் என்கிறான். நெல் அம்மாவின் கையால்.

சொறிக்கல்முனைத் தம்பி, இப்போது உங்களிடம்தான் கேள்வி. அம்மாவுக்குப் பழைய கணக்கு மறந்துவிட்டது. 24 ஆம் திகதிக்கு ஒரு சாண் உயரம் வர எப்போது போட வேண்டும்?

---

சொறிக்கல்முனைப் பொடியன்

11 ஆம் திகதி ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். 12 இல் தண்ணீரை வடித்து ஈரச் சாக்கில் கட்டி வையுங்கள், 13 பின்னேரம் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அப்போதே மண்ணில் நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லியதாக மணல் போட்டு, தினமும் தெளித்து வாருங்கள். ரின்னின் அடியில் ஓட்டை போட்டால்தான் அழுகாது. நல்ல வெளிச்சத்தில் வையுங்கள், இருட்டில் வைத்தால் சீக்கிரம் உயரும், ஆனால் மஞ்சளாகி விழும். மழை மூட்டமாக இருந்தால் இரண்டு நாள் முந்திப் போடுங்கள், ஒரு சாண் வராவிட்டாலும் முக்கால் சாண் நிச்சயம். விதைநெல் இல்லாவிட்டால் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் இருக்கிறது, கல்முனைக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.